பூஜ்யம் வந்த பாதை

நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் உருவாகும் ஒவ்வொரு காரிலும் ஓர் எண் பொறிக்கப்படுகிறது. அவ்விலக்கங்களை நாம் 'அரபு எண்கள்' என்கிறோம். அரபியரோ அவற்றை 'இந்திய எண்கள்' என்றே அழைத்தனர்!

நம் முன்னோர் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக்குறிகள் வைத்திருந்தனர். 2345ஐ ௨௲௩௱௪௰௫ என எழுதினர். இலக்கம் நிற்கும் இடமே மதிப்பைக் காட்டினால் இக்குறிகள் தேவையில்லை. ஆனால் காலியிடத்திற்கு ஒரு குறி வேண்டும். இல்லையேல் 205 என்பது 25 ஆகிவிடும். அக்குறியே பூஜ்யம்.

பூஜ்யத்தையும் எண்ணாகக் கொண்டு கணக்கிடும் விதிகளை 628இல் வகுத்தவர் பிரம்மகுப்தர். குவாலியர் கோயிலின் 876ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 270 என்ற எண்ணைப் பூஜ்யத்துடன் இன்றும் காணலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் அறிஞர் அல் குவாரிஸ்மி இம்முறையை விளக்கி நூல் இயற்றினார். கணிப்பொறியாளர் கூறும் 'அல்காரிதம்' அவர் பெயரிலிருந்து பிறந்ததே.

999இல் இரண்டாம் சில்வெஸ்தர் என்னும் பாப்பரசரான ஜெர்பெர்ட், அதற்கு முன்பே ஒன்பது இலக்கங்களையும் தம் மாணவருக்குக் கற்பித்தார். பூஜ்யம் மட்டும் அவர் கைக்கு எட்டவில்லை! 1202இல் பிசா நகரத்து பிபனாச்சி எழுதிய நூல் அதனையும் ஐரோப்பாவில் பரப்பியது.

தோழியரே, விடைத்தாளில் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டு வருந்துகிறோம் அல்லவா? அச்சிறு வட்டத்திற்காக ஐரோப்பா நூறாண்டுக்கும் மேலாகக் காத்திருந்ததை நினைவிற் கொள்வோம்.