ஊர்ச்சோறு – 14: ஊட்டியின் பலகையில் இல்லாத நீலகிரி

சென்ற வாரம் மேட்டுப்பாளையத்து மண்டிகளில் நின்றிருந்தோம். மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் இடம் அது. அவை புறப்பட்ட இடத்தை நோக்கி இந்த வாரம் ஏறுகிறோம். பர்லியாறு, குன்னூர் வழியாக ஊட்டி, அங்கிருந்து கோத்தகிரி.

ஊட்டி சேரிங் கிராஸில் பசியோடு இறங்குகிறவருக்கு எதற்கும் குறைவில்லை. வடநாட்டுத் தாலி, ஆந்திரா மீல்ஸ், மலபார் பிரியாணி, செட்டிநாட்டுக் கோழி, பரோட்டா, நூடுல்ஸ் எல்லாம் உண்டு. ஆனால் இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் படுகர், தோடர், கோத்தர், குறும்பர், இருளர் வீடுகளில் என்ன சமைக்கிறார்கள் என்பதை உணவகப் பலகைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டும். மதுரைக்குப் போனவர் கறிதோசையைக் கேட்காமல் திரும்ப மாட்டார். திண்டுக்கல்லில் இறங்கியவர் பிரியாணிக் கடைக்கு வழி கேட்பார். நீலகிரிக்கு ஆண்டுதோறும் வரும் லட்சக்கணக்கான பேரில் அவரை உதக்கை என்ற பெயரைக் காதால் கேட்டவர்களே குறைவு.

இங்குள்ள சமையல் சுவை குறைந்தது என்பதல்ல காரணம். அதைத் தெரிந்துகொள்ள இந்த மலையின் நிலத்தையும் சந்தையையும் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

விற்பனைக்கு வராத உணவு

ஆங்கிலேயர் வருவதற்கு முன் இந்த மலையில் கடைவீதி கிடையாது. தோடர்கள் எருமை வளர்த்தார்கள். பாலும் மோரும் நெய்யும்தான் அவர்களுடைய உணவின் அடித்தளம். பால்மனையே அவர்களுக்குக் கோயில். மரபாக அவர்கள் இறைச்சி உண்ணாதவர்கள். படுகர்கள் சாமை, ராகி, கோதுமை, பார்லி, அவரை, கீரை விதைத்தார்கள். கோத்தர்கள் மண்பானையும் இரும்புக் கருவியும் செய்தார்கள். குறும்பர்கள் காட்டிலிருந்து தேனும் பிற பொருட்களும் கொண்டுவந்தார்கள். இந்த நான்கு மக்களும் குடும்பம் குடும்பமாக உறவு வைத்து ஒருவருக்கொருவர் பொருள் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். 1906இல் தோடர்களைப் பற்றி நூல் வெளியிட்ட மானுடவியலாளர் ரிவர்ஸ் முதல் பல ஆய்வாளர்கள் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். 1930 வாக்கில் அந்த ஏற்பாடு பெரும்பாலும் குலைந்துபோனது.

கோத்தர் பானையில், படுகர் விளைவித்த சாமை, தோடர் கொடுத்த நெய்யோடு வெந்த காலம் அது. உணவு கைமாறியது; ஆனால் விலைக்குப் போகவில்லை. உணவகம் என்ற அமைப்புக்குள் இந்தச் சமையல் நுழையாததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஊட்டி நகரம் உருவானதோ வெளியூர்க்காரர்களின் வயிற்றை மனதில் வைத்து. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலை ஏறினார். 1820களில் ஊட்டியில் வீடு கட்டினார். இங்கிலாந்துக் காய்கறிகளை இங்கே பயிராக்கிப் பார்த்தவர்களில் அவர் முதன்மையானவர். இன்று நாம் மலர்க்காட்சி பார்க்கப் போகும் தாவரவியல் பூங்காவின் தொடக்கமே ஒரு காய்கறித் தோட்டம்தான். 1840களில் அங்கிருந்த ஐரோப்பியர்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா கட்டி, தங்களுக்குக் காய்கறி கிடைக்க அந்தத் தோட்டத்தை ஏற்படுத்தினார்கள். அது சரியாக ஓடவில்லை. 1848இல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் வந்த பிறகே பூங்காவாக உருமாறியது. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், டர்னிப் எல்லாம் இப்படி ஏறியவைதான். இன்று தமிழ்நாடு முழுக்க அவற்றுக்குப் பொதுப்பெயர் ‘ஊட்டிக் காய்’.

அந்தக் கால ரொட்டி அடுப்புகளின் வழி வந்ததுதான் வர்க்கி. வீட்டில் புளிக்கவைத்த மாவைச் சேர்த்துப் பிசைந்து, மடித்து மடித்து அடுக்கி, விறகு அடுப்பில் சுடுகிறார்கள். இந்தக் குளிரில்தான் அந்த மொறுமொறுப்பு சரியாக வரும் என்பது சுடுகிறவர்களின் வாக்கு. புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. தேநீரில் தோய்த்து வர்க்கி சாப்பிடுவது அருமையான அனுபவம், அதில் ஐயமில்லை. ஆனால் நீலகிரியின் உணவு என்றால் வர்க்கி மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது.

சாமைக்காடு தேயிலையானது

மலைக்காரர்களின் தட்டு மாறியது நிலம் மாறியதால். முதலில் உருளைக்கிழங்கு. சாமையும் ராகியும் வயிற்றை நிரப்பின. கிழங்கு கையில் காசு தந்தது. 1935இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் தொடங்கப்பட்டது. மேட்டுப்பாளையத்தில் கிழங்கு ஏலம் போனது. பிறகு 1961இல் ஊட்டிப் பகுதி நிலத்தில் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவிலேயே அதுதான் முதல்முறை. மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் புழு அது. நீலகிரியின் விதைக்கிழங்கை வெளி மாநிலங்களுக்கு அனுப்பத் தடை வந்தது. முத்தோரையில் உள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் புழுவைத் தாங்கும் ரகங்களை உருவாக்கியது. ‘குஃப்ரி ஸ்வர்ணா’ அவற்றுள் ஒன்று. ஆனாலும் பலர் அதற்குள் தேயிலைக்கு மாறியிருந்தார்கள்.

1965இல் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்காக இன்ட்கோசர்வ் என்ற கூட்டமைப்பு அமைந்தது. தேயிலை ஒருமுறை நட்டால் பல பத்தாண்டுகள் நிற்கும். காட்டுப்பன்றி தின்னாது. ஆண்டு முழுக்கப் பசுந்தழை பறித்துக் கொடுத்துப் பணம் பார்க்கலாம். யாரையும் குறை சொல்ல முடியாத முடிவு அது. ஆனால் வீட்டு வாசல்வரை தேயிலை வந்ததும் சாமைக்கு இடமில்லை. அவரைக் கொடிக்கு இடமில்லை. கீரைக்கு ஒரு கீற்று நிலம் மிஞ்சியது. 1990களின் கடைசியில் பசுந்தழை விலை சரிந்தபோது, விற்கவும் விலையில்லை, தின்னவும் தானியமில்லை என்ற நிலை வந்தது. ரேஷன் அரிசிதான் அடுப்பை எரியவைத்தது.

ஒரு ஹட்டியில் மதியச் சாப்பாடு

கோத்தகிரிக்கு அருகே, தேயிலைச் சரிவுக்கு நடுவே ஒரு ஹட்டி. படுகர்களின் கிராமத்தை அப்படித்தான் சொல்வார்கள். நண்பர் ஒருவரின் உறவினர் வீடு. வீட்டம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும். வெள்ளை முண்டும், தலையில் வெள்ளைத் துணியுமாக அடுப்படியில் இருந்தார். முதலில் வந்தது வெல்லம் போட்ட கடுங்காப்பி. பால் கிடையாது. குளிரில் நடந்து வந்தவருக்கு அது எவ்வளவு இதமானது என்பதைக் குடித்தவர்கள் அறிவார்கள்.

“அவரை நேத்து ராத்திரியே ஊறப்போட்டது. நல்லா வெந்தாத்தான் ருசி. உக்காருங்க” என்றார்.

காய்ந்த அவரை விதையைக் குழையாமல், ஆனால் விரலால் நசுக்கினால் மசிகிற பக்குவத்தில் வேகவைக்கிறார்கள். வெங்காயமும் பூண்டும் வதக்கி, தக்காளியும் உருளைக்கிழங்கும் சேர்த்து, வீட்டில் இடித்து வைத்திருக்கும் மசாலாப் பொடியைப் போட்டுக் கொதிக்கவிட்டு, கடைசியில் அவரையைச் சேர்க்கிறார்கள். அதுதான் உதக்கை. அந்த வீட்டில் தேங்காய் அரைத்து ஊற்றவில்லை. மசிந்த அவரையும் கிழங்குமே குழம்புக்குக் கெட்டித்தன்மை கொடுத்துவிட்டன. ஒரு பக்கம் ராகிக் களி, ஒரு பக்கம் சோறு, வாசலில் பறித்த கீரையின் கடைசல். எண்ணெய் குறைவு, காரம் அளவு. மலைப்பூண்டின் வாசனை மட்டும் தூக்கலாக நின்றது. அவரைக்கென்று ஒரு மண்வாசனை உண்டு. கடைகளில் வாங்கும் பழைய பருப்பில் அது வராது.

திருவிழா நாட்களில் பொத்திட்டு என்ற கனத்த கோதுமை ரொட்டியும், எண்ணெயில் பொரித்த எண்ணெ ஹிட்டும் செய்வார்கள் என்று மருமகள் சொன்னார். மார்கழி, தை மாதங்களில் ஹெத்தையம்மன் திருவிழா வரும்போது ஊருக்கே சேர்த்துச் சமையல் நடக்கும்.

“இதை ஒரு கடை போட்டு வித்தா நல்லா ஓடுமே அம்மா” என்றேன்.

“வீட்டுக்கு வந்தவங்களுக்குச் சோறு போட்டுட்டு, காசு கேக்கச் சொல்றீங்களா?” என்றார். பிறகு யோசித்துவிட்டு, “அவரை இப்போ எங்க விளையுது தம்பி? நாங்களே சந்தையில வாங்கறோம்” என்றார்.

இரண்டாவது வார்த்தைதான் எனக்குக் கூடுதலாக உறைத்தது.

மலையின் சாப்பாடு ஹட்டிகளோடு முடிந்துவிடவில்லை. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அதுவே பின்னாளில் டான்டீ ஆனது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்ப் பகுதி லயன் குடியிருப்புகளில் அவர்களுடைய கைப்பக்குவம் இன்றும் இருக்கிறது. தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைந்து கல்லில் சுட்ட கோதுமை மாவு ரொட்டி. மிளகாயும் வெங்காயமும் இடித்துப் புளிப்பு ஏற்றிய கட்டச் சம்பல். பாலில்லாத பிளேன் டீ. விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவருக்கு மதியம்வரை தாங்கும் சாப்பாடு அது. அதையும் எந்த உணவகமும் கொண்டாடவில்லை.

குன்னூர் சொன்ன பாடம்

இந்தியாவின் ஊர்ச் சாப்பாடுகளை அறிவியல் பெரிய அளவில் எடைபோட்டது இதே மலையில் என்பது பலருக்குத் தெரியாது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவன வளாகத்தில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வை ஒரு சிறிய அறையில் தொடங்கினார். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமானது. சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, சென்னை மாகாணத்தார் என்று ஒவ்வொரு வட்டாரத்தின் உணவையும் அவர் எலிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவில் வளர்ந்தவை மிக நன்றாக இருந்தன. தீட்டிய அரிசியை நம்பிய நம்முடைய சென்னை மாகாணத்து உணவில் வளர்ந்தவை கடைசி இடத்தில் நின்றன.

அவருக்குப் பின் 1935 முதல் 1945 வரை அந்தக் கூடத்தை நடத்திய அய்க்ராய்ட், இந்திய உணவுப் பொருட்களின் சத்துப் பட்டியலை 1937இல் வெளியிட்டார். புழுங்கலரிசியில் சத்து தங்குகிறது என்பதை எடுத்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். 1958இல் அந்தக் கூடம் ஹைதராபாத்துக்குப் போனது. இன்று அதுவே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

குன்னூர் எலிகள் சொன்ன பாடம் எளிது: தீட்டாத தானியம், பால், பருப்பு, பச்சைக் காய். சாமைச் சோறு, தோடர் நெய், அவரை, வாசல் கீரை என்ற பழைய மலைச் சாப்பாட்டில் அத்தனையும் இருந்தன. ஆராய்ச்சிக்கூடம் எதைப் பரிந்துரைத்ததோ, அதைச் சுற்றியிருந்த ஊர்கள் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் கைவிட வேண்டியதாயிற்று. இது மலைக்காரர்களின் அறியாமையால் நடந்ததல்ல. நிலமும் விலையும் அவர்களை அங்கே தள்ளின.

மீட்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1993இல் தொடங்கி, கோத்தகிரியை மையமாக வைத்து இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை, பழங்குடி மக்களின் மலைத்தேனுக்கு நியாய விலை கிடைக்க வழிசெய்ததோடு, சிறுதானியப் பயிரையும் ஊக்குவிக்கிறது. சில வீடுகளில் தேயிலைக்கு நடுவே மேரக்காய்க் கொடியும் மரத்தக்காளியும் கீரைப் பாத்தியும் திரும்பத் தென்படுகின்றன. ஆனால் விளைவதை வாங்க ஆள் இல்லாவிட்டால் எந்தப் பாத்தியும் நிலைக்காது. உணவகம் நடத்துகிறவரும், கேட்டு வாங்க ஆள் உண்டு என்று தெரிந்தால்தான் சமைப்பார்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நீலகிரிக்குப் போகும்போது, தங்கும் இடத்தில் முதல் நாளே சொல்லிவையுங்கள்: “இந்த ஊர்ச் சாப்பாடு ஒரு வேளையாவது வேண்டும்.” உணவகத்தில் உதக்கை இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லை என்றாலும் கேளுங்கள். ஊட்டி, கோத்தகிரி, குன்னூர் சந்தைகளில் உள்ளூர் அவரை, மலைப்பூண்டு, சாமை எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, சாக்லேட் வாங்கும் பையிலேயே அரைக் கிலோ அவரையையும் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இரவு ஊறவைத்து, மறுநாள் மேலே சொன்னபடி சமைத்துப் பாருங்கள். நாம் கேட்டு வாங்கினால்தான் அவர்கள் மறுபடி விதைப்பார்கள்.

(அடுத்த வாரம்: கூடலூர், பந்தலூர்)