மருந்து கொடுத்த பின்னும் குழாயை மாற்றுவது ஏன்?

சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவருக்குக் கிருமித் தொற்றால் காய்ச்சல் கண்டால், ஆன்டிபயாட்டிக் மருந்தைத் தொடங்குவதோடு, பல நாள் இருந்த பழைய குழாயையும் நாங்கள் அகற்றிவிடுகிறோம். “மருந்துதான் ஊசி வழியாக ஏறுகிறதே, குழாயை ஏன் மாற்ற வேண்டும்?” என்று உறவினர்கள் கேட்பது இயல்பே. சர்க்கரை நோயாளியின் கால் புண்ணைத் திரும்பத் திரும்பச் சுரண்டித் தூய்மை செய்யும்போதும் இதே ஐயம் எழுகிறது. இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே: கிருமிகள் எப்போதும் தனித்தனியாக வாழ்வதில்லை.

கூட்டமாகக் குடியேறும் கிருமிகள்

நெடுநாள் கழுவாத தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரைத் தடவினால் வழுவழுப்பான படிவு கையில் ஒட்டும். பல் துலக்குமுன் நாவால் உணரும் மெல்லிய படிவும் அத்தகையதே. இவை வெறும் அழுக்கல்ல; பாக்டீரியாக்கள் குடியிருக்கும் இடங்கள். இவற்றை உயிர்ப்படலம் என்றும் பயோஃபிலிம் என்றும் அழைக்கிறோம். நம் பொன்னேரி வட்டத்துக் காட்டுப்பள்ளியில் 2010இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனோடு தொடங்கப்பட்டது போன்ற கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகளில், வடிகட்டும் சவ்வுகளில் படிந்து தொல்லை தருவதும் இத்தகைய படலமே.

நீந்தித் திரியும் பாக்டீரியா ஒரு பரப்பைத் தொட்டதும் அதில் ஒட்டிக்கொள்கிறது. பின்னர் பெருகி, சர்க்கரைப் பொருள்களும் புரதங்களும் கலந்த பசையைச் சுரந்து, அதற்குள் தங்கிவிடுகிறது. ஒட்டுவதா, விலகுவதா என்பதைப் பல கிருமிகளில் தீர்மானிப்பது சைக்ளிக் டை-ஜிஎம்பி என்னும் சிறு மூலக்கூறு. அது மிகுந்தால் கிருமி தங்கும்; குறைந்தால் பிடியை விட்டு நீந்தும்.

இப்படலத்தின் வலிமையை முதலில் கண்டவர் டச்சு நாட்டவரான லீவன்ஹூக். 1680களில் தம் பற்படிவை உருப்பெருக்கியில் ஆராய்ந்த அவர், வினிகர் கொண்டு வாயைக் கழுவிய பின் படிவின் வெளிப்புறத்து உயிர்கள் மட்டுமே மடிந்ததையும், உள்ளிருந்தவை பிழைத்ததையும் பதிவு செய்தார். இன்று ஆன்டிபயாட்டிக் மருந்துக்கும் அதே நிலைதான். பசை மருந்தைத் தாமதப்படுத்துகிறது. அதைவிட முக்கியமாக, ஆழத்தில் உணவின்றி உறங்குவதுபோல் கிடக்கும் கிருமிகளை, வளரும் கிருமிகளைத் தாக்கும் மருந்துகள் எளிதில் கொல்வதில்லை.

சென்னையில் தோன்றிய புதிய காலரா

1992ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் காலரா பரவியபோது, அதற்குக் காரணமான கிருமி அதுவரை அறியப்பட்ட ஓ1 வகை அன்று என்பது தெரியவந்தது. ஓ139 எனப் பெயர் பெற்ற அப்புதிய வகை விரைவில் கொல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவியது. முன்பு காலராவை எதிர்கொண்டு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களையும் அது தாக்கியது.

காலராக் கிருமியின் இயல்பான வாழிடம் கடலோர உவர்நீர். அங்கே அது கோபிபோட் என்னும் நுண்ணிய மிதவை உயிரிகளின் உடலில் படலமாக ஒட்டி வாழ்கிறது. அமெரிக்க அறிவியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் வங்கதேசக் கிராமங்களில், பழைய புடவைத் துணியைப் பல மடிப்பாக மடித்துக் குடிநீரை வடிகட்டச் செய்தனர். கிருமி ஒட்டிய மிதவை உயிரிகள் துணியில் தங்கிவிட, காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இம்முடிவு 2003இல் வெளியானது. கொதிக்க வைத்த நீருக்கு இது ஈடாகாது என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

படலமாகத் திரண்ட காலராக் கிருமி இரைப்பையின் அமிலத்தையும் தாங்கும். குடலில் பெருகி நெருக்கம் மிகுந்ததும், தமக்குள் பரிமாறும் வேதிக்குறிப்புகளால் கூட்டத்தின் அளவை உணர்ந்து, படலத்தைக் கலைத்து வெளியேறும். ஆபத்து வந்தால் கூடுவதும் வாய்ப்பு வந்தால் பிரிவதும் அதன் பிழைப்பு வழி.

மருத்துவமனையில் இதன் பொருள்

சிறுநீர்க் குழாய், டயாலிசிஸ் குழாய், செயற்கை மூட்டு ஆகியவற்றின் மேலும் இதேபோல் படலம் படியலாம். மருந்தால் அடங்கிய காய்ச்சல் மருந்தை நிறுத்தியதும் திரும்புவதற்கு, படலத்திலிருந்து வெளியேறும் கிருமிகள் காரணமாகலாம். ஆகவேதான் குழாயை மாற்றுகிறோம். புண்ணைச் சுரண்டுவதும் படலத்தைக் கலைப்பதற்கே. கலைந்த கிருமிகள் மீண்டும் கூடுமுன் மருந்து அவற்றை எட்ட வேண்டும்.

அரைகுறை மருந்து தீங்கும் செய்யலாம். டோப்ராமைசின் மருந்து கொல்லும் அளவுக்குக் குறைவாகக் கிடைத்தபோது, சூடோமோனாஸ் கிருமி படலத்தை மேலும் மிகுதியாகக் கட்டியதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது.

எனவே நோயாளிகளையும் குடும்பத்தினரையும் நாங்கள் வேண்டுவன:

• ஆன்டிபயாட்டிக் மருந்தின் அளவையோ நாள்களையோ தாமாகக் குறைக்க வேண்டாம். ஒவ்வாமை தோன்றினால் உடனே மருத்துவரிடம் கூறுங்கள். எஞ்சிய மாத்திரைகளை அடுத்த நோய்க்கு வைத்திருக்க வேண்டாம்.

• சிறுநீர்ப் பையைச் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே வைத்திருங்கள். தரையில் படவிட வேண்டாம். குழாயைத் தொடும் முன்னும் பின்னும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். “குழாய் இன்னும் தேவையா?” என்று நாள்தோறும் எங்களைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

• கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நாள் முழுதும் பாதுகாப்புக் காலணி அணியும் சர்க்கரை நோயாளிகள், இரவில் பாதத்தையும் விரலிடுக்குகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொப்புளமோ சிறு கீறலோ தென்பட்டால் வலி இல்லையென்று விட்டுவிடாமல் விரைந்து காட்டுங்கள்.

• குழாய் பொருத்தியவருக்குக் குளிர்காய்ச்சலோ, பொருத்திய இடத்தில் சிவப்போ சீழோ கண்டால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

புதிதாகப் படிந்த படலம் எளிதில் கலையும். நாள்பட்டது எளிதில் அசையாது. நீங்கள் காலத்தோடு சொல்லும் ஒரு சொல்லும், கழுவிய கையும் எங்கள் மருந்துக்குப் பெருந்துணை.