கண்ணாடித் தொட்டி கசிந்த இரவு

மைசூரில், சரஸ்வதிபுரத்து வீடொன்றின் மாடியில் நாங்கள் குடியிருந்த காலத்தில், மூன்றடி நீளமும் ஓரடி அகலமும் ஒன்றரையடி உயரமுமான மீன்தொட்டி ஒன்று, கூடத்துச் சுவரோரம் நாலு வருஷம் பரம சாதுவாக நின்றுகொண்டிருந்துவிட்டு, ஒரு மார்கழி இரவில், யாரும் தொடாமலே, அடிப்பக்க மூலையில் இணைப்பு விட்டுப்போயிற்று. விடியற்காலை நாலரை மணிக்குக் கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்து கதவைத் தட்டி, "ஸார், மேலிந்த நீரு சோர்த்தா இதே" என்று கன்னடத்தில் சொன்னபோதுதான், அவருடைய பூஜையறைக் கூரையிலிருந்து ஜலம் சொட்டிக்கொண்டிருந்த செய்தி எங்களுக்கு எட்டியது.

அத்தனை சிறிய தொட்டிக்குள் எவ்வளவு ஜலம் இருந்துவிடப் போகிறது என்று நினைப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலரைக் கன அடி என்றால் ஏறத்தாழ 127 லிட்டர். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கூடம் முழுவதும் அது பரவினால், அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த ஏரி ஒன்று வீட்டுக்குள் உண்டாகிவிடும். எங்கள் தொட்டியில் மட்டும் விரிசல் அடியிலிருந்து மூன்று விரற்கடை மேலே இருந்தபடியால், எஞ்சிய அந்தக் கொஞ்ச ஜலத்தில் ஏஞ்சல் மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தபடி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

மீனைக் கண்டதும் கை மீனிடந்தான் போகும். அது மனித சுபாவம். ஆனால் அந்தக் கணத்தில் ஜீவகாருண்யத்தைக் காட்டிலும் முக்கியமான காரியம் ஒன்று உண்டு: மெயின் ஸ்விட்சை அணைப்பது. காற்று மோட்டாருக்கும் ஹீட்டருக்கும் மின்சாரம் கொடுத்த எக்ஸ்டென்ஷன் பெட்டி, எங்கள் அசிரத்தையினால், அந்த ஏரிக்குள்ளேயே கிடந்தது. மார்கழி இரவுகளில் மைசூரின் குளிர் பதினைந்து டிகிரிக்கு அருகில் இறங்குவதும், அந்த மீன்களுக்கு இருபத்தைந்து டிகிரியாவது வேண்டியிருப்பதும் ஹீட்டரை இங்கே அத்தியாவசியமாக்குகின்றன. ஜலமட்டம் இறங்கி அது வெளியே தெரியும்போதும் எரிந்துகொண்டிருந்தால், அதன் கண்ணாடிக் குழல் வெடித்துவிடும். தொட்டிக்குள் போகும் கம்பி எதுவும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கிப் பிறகு மேலேறிப் பிளக்கைச் சேர வேண்டும். கம்பி வழியே இறங்கும் ஜலம் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பிறகு மீன்கள். வாளியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அவற்றைப் போடுவது, குளோரினுக்குள் தள்ளுவதற்குச் சமம். தொட்டியில் மிஞ்சிய ஜலத்தையே முகந்து ஊற்றி, அதிலேயே வடிகட்டியின் பஞ்சையும் மிதக்கவிட வேண்டும். அழுக்காயிருக்கிறதே என்று அந்தப் பஞ்சைக் குழாயடியில் கசக்கிப் பிழிபவர்களை நான் பார்த்திருக்கிறேன். மீனின் கழிவில் பிறக்கும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் அத்தனை கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் கிருகமே அந்தப் பஞ்சுதான். அது உலர்ந்துபோனால், புதுத் தொட்டி வாங்கியும் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துமிதக்கும்.

தொட்டி ஏன் விட்டுப்போயிற்று? ஜலத்தின் அழுத்தம் தொட்டியின் நீள அகலங்களைப் பொறுத்ததன்று, ஆழத்தை மட்டுமே பொறுத்தது. எனினும் முன்கண்ணாடி முழுவதன்மீதும் அது சேர்ந்து தள்ளும் பலம், எங்கள் அளவுத் தொட்டியில், தொண்ணூறு கிலோவுக்கு மேல். இரவும் பகலும் ஒரு தடித்த மனிதர் சாய்ந்து நிற்பதுபோல. அந்தக் காலத்துத் தொட்டிகளுக்கு இரும்புச் சட்டமும் மக்கும் இருந்தன. இன்றோ சிலிக்கான் பசை ஒன்றே எல்லாவற்றையும் தாங்குகிறது, அதுவும் நன்றாகவே தாங்குகிறது, அடித்தளம் சமமாக இருக்கும்வரை. பழைய சிவப்புச் சிமெண்டுத் தரைகள் கழுவிவிடும் வசதிக்காக வாட்டம் கொடுத்துப் போடப்பட்டவை. அதனால் ஆடிய ஸ்டாண்டின் ஒரு காலுக்கு அடியில் நான் ஒரு கல்யாணப் பத்திரிகையை எட்டாக மடித்துச் செருகியிருந்தேன். நாலு வருஷத்தில் அது அப்பளமாக நசுங்கிவிட்டது, மூலை முறுக்கிக்கொண்டது. தொட்டி விற்ற கடைக்காரரைக் குற்றம் சொல்ல வழியில்லை.

பெரிய இடங்களிலும் இது நேர்கிறது என்பது ஒரு விதத்தில் ஆறுதல். பெர்லின் நகரத்து ஹோட்டல் ஒன்றில், சுமார் பத்து லட்சம் லிட்டரும் ஏறக்குறைய 1,500 மீன்களும் கொண்ட அக்ரிலிக் உருளைத் தொட்டி, 2022 டிசம்பர் 16 அதிகாலை வெடித்துத் தெருவரை வெள்ளமாக ஓடியது. ஜனநடமாட்டமில்லாத வேளையாதலால் இருவர் காயங்களோடு தப்பினார்கள், மீன்களில் பெரும்பாலானவை தப்பவில்லை. இன்ன காரணம் என்று நிபுணர்களால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அந்த ஹோட்டல் தொட்டிக்கடியில் கல்யாணப் பத்திரிகை இருந்திராது.

ஏழு மணிக்குள் துடைத்து முடித்துவிட்டோம். ஆனால் துணியில் வந்தது கண்ணுக்குத் தெரிந்த ஜலம் மட்டுமே. மூன்றாம் நாள் பிளைவுட் அலமாரியின் அடிப்பலகை வடைபோல உப்பிற்று; பத்தாம் நாள் சுவரின் அடியில் சுண்ணாம்பு கொப்புளித்து, வெள்ளை உப்புப் பூத்தது. சுவருக்குள் ஏறிய ஜலம் வெளியே ஆவியாகும்போது தன்னோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும் உப்பு அது. உலர்ந்த துடைப்பத்தால் தள்ள வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். சுவர் முழுக்கக் காயுமுன் வர்ணம் அடிப்பதும் வீண் செலவே. கீழ்வீட்டுக் கூரைக்குள் ஓடிய மின்குழாய் வழியாக விளக்குக்குள்ளும் ஜலம் இறங்கியிருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அந்த ஸ்விட்சைத் தொடவேண்டாமென்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டேன்.

ஆர்.ஷாம சாஸ்திரி என்ற பண்டிதர் ஓலைச்சுவடியிலிருந்து அர்த்தசாஸ்திரத்தைக் கண்டெடுத்து 1909இல் அச்சேற்றிய ஊரிலே இருந்துகொண்டு, புத்தகங்களை மீன்தொட்டியின் காலடியில் அடுக்கிவைத்த என் மதியீனத்தை என்னென்பது! நனைந்த புத்தகத்தை வெயிலில் போட்டால் கோணிவிடும். நட்டுவைத்து, ஏடுகளை விசிறிபோல் விரித்து, நடுநடுவே வெள்ளைத்தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் விடவேண்டும். இரண்டு நாளைக்குள் பூஞ்சை தொற்றிக்கொள்ளும். கைக்கு மிஞ்சிய புத்தகங்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு ஃப்ரீஸரில் வைத்து, சாவகாசமாக ஒவ்வொன்றாய் உலர்த்தலாம். எங்கள் வீட்டில் ஒரு மாதம் பட்டாணிக்குப் பக்கத்தில் இரண்டு நாவல்கள் உறைந்திருந்தன. வழவழப்பான தாளில் அச்சிட்ட கோவில் சிற்பப் படப்புத்தகம் மட்டும் ஒரே செங்கல்லாக ஒட்டிப்போயிற்று.

மீன்களைக் குக்கரஹள்ளி ஏரியில் விட்டுவிடுங்கள், புண்ணியம் என்றார் எதிர்வீட்டுக்காரர். அது புண்ணியமன்று, இப்படிக் கருணையோடு விடப்பட்ட சக்கர் மீன்கள் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகிச் சுதேசி மீன்களுக்கு உபத்திரவமாகியிருக்கின்றன. எங்கள் மீன்களை வண்ணமீன் கடைக்காரர் ஒருவர் தம் தொட்டியில் வைத்துக்கொண்டார்.

பழைய சிலிக்கானின் மேல் புதுச் சிலிக்கான் பிடிக்காது. ஆகையால் இணைப்பு முழுவதையும் பிளேடால் சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்டி, புதுப் பசையின் காடி நெடி முற்றிலும் அடங்கும்வரை காத்திருந்து, மொட்டைமாடியில் ஜலம் நிரப்பி ஒரு வாரம் வைத்துப் பார்த்தோம். ஒரு சொட்டும் கசியவில்லை. கீழ்வீட்டுக் கூரைக்கும் எங்கள் செலவில் வெள்ளையடித்தாயிற்று. ஆனாலும் பழுப்பு வளையம் ஒன்று மறுபடி மெல்ல எட்டிப்பார்க்கிறது. மேல்வீட்டு மீன்கள் போட்ட ரங்கோலி என்று அந்த அம்மாள் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறார்.