சங்கிலிக்கும் சற்றுத் தளர்வு வேண்டும்

“அச்சாணி இல்லாத் தேர் முச்சாணும் ஓடாது” என்பது பழமொழி. மொபெட்டுக்கு அச்சாணி மட்டும் போதாது. பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலியும் செம்மையாக இருத்தல் வேண்டும். இதை நான் நூலில் படித்து அறியவில்லை. என் தந்தையாரின் முழங்காலில் பட்ட காயத்தால் அறிந்தேன்.

1980-ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. அதுவும் அதன் வழிவந்த மொபெட்டுகளும் நம் சிற்றூர்களில் பால் கேனும் காய்கறி மூட்டையும் சுமக்கும் வண்டிகளாயின. எங்கள் வீட்டிலும் ஒரு மொபெட் உண்டு. தந்தையார் விடியுமுன் அதில் கத்தரிக்காய் மூட்டைகளை உழவர் சந்தைக்கு ஏற்றிச் செல்வார்.

ஒருநாள் மாலை சங்கிலி கலகலவென்று ஒலிப்பதைக் கேட்டேன். இயற்பியல் மாணவன் அல்லவா! ஸ்பானரை எடுத்துச் சங்கிலி விறைக்கும்வரை இழுத்து முடுக்கினேன். ஓசை நின்றது. மறுநாள் ஏரிக்கரை மேட்டில் சங்கிலி அறுந்து சக்கரத்தில் சிக்கியது. தந்தையார் விழுந்தார். காய்கள் சாலையெங்கும் சிதறின. பத்து நாள் அவரால் சந்தைக்குப் போக இயலவில்லை.

அறுந்த சங்கிலியைப் பார்த்த மெக்கானிக், “தம்பி, பாரம் ஏறுனா செயின் இன்னும் இறுகும். ஆட இடம் விடணும்” என்றார். உண்மைதான். பாரம் ஏறியதும் பின்புற ஷாக் அப்சார்பர் அழுந்துகிறது. அப்போது எஞ்சின் பக்கப் பல்சக்கரத்துக்கும் பின்சக்கரப் பல்சக்கரத்துக்கும் இடைப்பட்ட தொலைவு சற்று நீள்கிறது. ஸ்டாண்டில் நிற்கும்போதே விறைத்திருக்கும் சங்கிலி எவ்வாறு தாங்கும்?

அன்றுமுதல் அவரிடம் கற்றவற்றை இங்கே தருகிறேன்.

எஞ்சினை நிறுத்திய பின்னரே சங்கிலியைத் தொட வேண்டும். இல்லையேல் விரல் போய்விடும். மண்ணெண்ணெயில் தோய்த்த தூரிகையால் அழுக்கைப் போக்கி, துணியால் துடைத்து, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றியவாறே கீழ்ச்சங்கிலியின் உட்புறத்தில் எண்ணெய் விட வேண்டும். எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெய் ஆகாது. அதிலுள்ள இரும்புத் துகள் சங்கிலியைத் தேய்க்கும்.

கீழ்ச்சங்கிலியின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஏறத்தாழ 15 முதல் 20 மில்லிமீட்டர் ஆட வேண்டும். சரியான அளவை வண்டியின் கையேட்டில் காணலாம். சக்கரத்தைச் சுழற்றி நான்கைந்து இடங்களில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். இருபுற அட்ஜஸ்டர்களையும் ஒரே அளவு திருப்புதல் வேண்டும். இல்லையேல் சக்கரம் கோணும். இறுதியில் அச்சு நட்டை முடுக்க மறக்கலாகாது.

செயின் லாக்கின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும்.

சங்கிலி நீள்வது இரும்பு இழுபடுவதால் அன்று. ஊசிகளும் புஷ்களும் தேய்வதால். அரை அங்குலக் கண்ணியுள்ள சங்கிலியில் 20 கண்ணிகள் 254 மில்லிமீட்டர் இருக்கும். இழுத்துப் பிடித்து அளக்கையில் அது 259-ஐ எட்டினால் மாற்றிவிட வேண்டும். பல்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் செயின் செட் முழுவதையும் மாற்றுவதே சிக்கனம். பழைய பற்கள் புதுச் சங்கிலியை விரைவில் தின்றுவிடும்.

தந்தையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. இப்போது ஞாயிறுதோறும் நான் சங்கிலியை அளக்கும்போது அருகில் வந்து நிற்பார். தாமும் ஒருமுறை விரலால் அசைத்துப் பார்ப்பார். “சரியா இருக்குப்பா” என்று அவர் சொன்ன பின்னரே மூட்டை ஏறும்.