போட்டி கம்பெனியில் சேரக் கூடாதுன்னு கையெழுத்து போட்டாச்சு... கேஸ் போட்டா நிக்குமா?



தாம்பரம் மெப்ஸ்ல வேலை பார்க்கறீங்க. பெருங்குடியில் அதே துறையில் இருக்கிற இன்னொரு கம்பெனி நல்ல சம்பளத்துக்கு ஆஃபர் கொடுக்குது. ரிசைன் பண்ணதும் ஹெச்.ஆர். கூப்பிட்டு, "அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் படிச்சீங்களா? ஒரு வருஷத்துக்கு போட்டி கம்பெனியில் சேரக் கூடாது. சேர்ந்தா கேஸ்தான்" என்கிறார்.

பயந்துபோய் ஆஃபரை விட்டுடாதீங்க. "இதெல்லாம் வெறும் பேப்பர்" என்று அலட்சியமாவும் கிளம்பிடாதீங்க. அந்த ஆர்டரில் நாலு விதமான நிபந்தனைகள் கலந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சட்டத்தின் பதில் வேற வேற.

1. வேலையை விட்ட பிறகு வரும் தடை

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27: ஒருவரை முறையான தொழில் செய்ய விடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. வியாபாரத்தை அதன் குட்வில்லோடு விற்பவருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. நாம சம்பளத்துக்கு வேலை செய்றவங்க, எதையும் விற்கலை.

இங்கிலாந்தில் "இந்தத் தடை நியாயமானதா?" என்று கோர்ட் பார்க்கும். இங்கே, வேலை முடிந்த பிறகும் தொடரும் தடை என்றால் ஆறு மாசமா, ஒரு வருஷமா என்ற கேள்விக்கே இடமில்லை.

கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானே இதற்கு உதாரணம். அவருடைய விளம்பர ஒப்பந்தம் 2003-இல் முடிந்தது. அதற்குப் பிறகும் வேறு நிறுவனத்தோட ஆஃபரை ஏற்கும் முன் தங்களுக்குத்தான் முதல் வாய்ப்பு தரணும் என்று பழைய நிறுவனமான பெர்செப்ட் டிமார்க் வழக்குப் போட்டது. 2006-இல் உச்ச நீதிமன்றம் ஜாகீர் பக்கம் தீர்ப்பளித்தது.

2. வேலையில் இருக்கும்போது உள்ள தடை

இது செல்லும். செஞ்சுரி ஸ்பின்னிங் நிறுவனத்தில் 5 வருஷ ஒப்பந்தத்தில் சேர்ந்த ஒருவர், பாதியிலேயே போட்டி கம்பெனிக்குப் போனார். 1967-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிரான தடையை உறுதி செய்தது. அதனால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டிருந்தால் ஜாக்கிரதை. மூன்லைட்டிங் பண்றவங்களும் இதை மனசுல வெச்சுக்கோங்க.

3. ரகசியம்

கிளையன்ட் லிஸ்ட், சோர்ஸ் கோட், விலைப்பட்டியல் இதெல்லாம் கம்பெனி சொத்து. உங்க திறமையும் அனுபவமும் உங்க சொத்து. பர்சனல் மெயிலுக்கு ஒரு ஃபைல் அனுப்பியிருந்தால்கூட, பலமா இருந்த உங்க கேஸ் பலவீனமாகிவிடும்.

4. பாண்ட்

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். விஜயா வங்கி, 3 வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தரணும் என்று நிபந்தனை போட்டிருந்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. காரணம், அது வேறு வேலைக்குப் போவதைத் தடுக்கலை; சீக்கிரம் போனால் ஆகும் இழப்பை ஈடுகட்டச் சொல்கிறது. பொதுத்துறை வங்கி புதிதாக ஆள் எடுக்க ஆகும் செலவையும் கோர்ட் கணக்கில் எடுத்தது.

அதுக்காக 10 லட்சம்னு எழுதினா 10 லட்சமும் கட்டணும்னு இல்லை. பிரிவு 74-படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம்: ஃபைனல் செட்டில்மென்ட்டில் பாண்ட் தொகைக்கோ நோட்டீஸ் பே பிடித்தத்துக்கோ 18% ஜிஎஸ்டி சேர்த்திருந்தால் கேள்வி கேளுங்க. அதற்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178-ஆம் எண் சுற்றறிக்கை தெளிவா சொல்லுது.

ரிசைன் பண்றதுக்கு முன்னாடி:

- ஆர்டரில் ஒவ்வொரு நிபந்தனையும் மேலே சொன்ன நாலில் எது என்று பிரிச்சுப் பாருங்க.
- நோட்டீஸ் பீரியடை முழுசா முடிங்க. இல்லைன்னா, செட்டில் பண்ணதை எழுத்தில் வாங்குங்க.
- லேப்டாப், ஃபைல்களை ஒப்படைச்சு மெயிலில் உறுதி வாங்குங்க.
- ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீங்க.
- வக்கீல் நோட்டீஸ் வந்தால் நீங்களே பதில் எழுதாம, ஒரு வக்கீலைப் பாருங்க. செல்லாத கிளாஸை வெச்சும் கேஸ் போட முடியும். அதில் ஜெயிப்பதுதான் கஷ்டம்.

புது ஆஃபர் வரும் வரை காத்திருக்க வேண்டாம். இன்னைக்கு ராத்திரியே அந்த ஆர்டரை எடுத்து ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க.