மாமியார் கட்டிவிட்ட சலங்கை

துப்பறியும் கதை என்றதும் வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு என்று ஆண் பெயர்களே நம் நினைவுக்கு வரும். அந்தக் களத்தில் இறங்கி எழுதிய பெண்களில் ஒருவர் கனகம் தர்மராஜன். அவருடைய கணவரும் எழுத்தாளர். அந்த வீட்டில் 1937 செப்டம்பர் 19 அன்று, அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பெல்லாரியில் பிறந்தவர்தான் சரோஜா வைத்தியநாதன். தில்லியில் பரதநாட்டியம் கற்க வந்த எத்தனையோ குழந்தைகளுக்கு முதல் 'தையா தை' சொல்லிக்கொடுத்த கணேச நாட்டியாலயா அவர் நிறுவியது.

அம்மாவிடம் பேனா இருந்தது, மகளுக்குக் கால் வாய்த்தது. சென்னையில் சரஸ்வதி கான நிலையத்தில் தொடங்கிய பயிற்சி, பிறகு காட்டுமன்னார்கோயில் முத்துக்குமார பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தது. நாட்டியக் கலைஞர் எம்.கே. சரோஜாவை உருவாக்கிய அதே நட்டுவனார். சங்கீதத்தை பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியிடம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கற்றார். கர்நாடக இசையை ஒரு கல்வித்துறையாக வளர்த்தெடுத்தவர்களில் முன்னோடி சாம்பமூர்த்தி. நட்டுவனார் கையிலிருந்து ஆட்டமும், பேராசிரியர் கையிலிருந்து இசை இலக்கணமும் ஒரே பெண்ணுக்குக் கிடைத்தது பெரிய பாக்கியம்.

பிறகு கல்யாணம். கணவர் பீகார் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி. மணமான பெண், அதுவும் அதிகாரியின் மனைவி, மேடையேறி ஆடுவதா என்ற பேச்சு எழுந்தது. சரோஜா ஆடுவதை நிறுத்தினார்.

அந்தத் தலைமுறைப் பெண்களில் எத்தனையோ பேருடைய கதை இந்த இடத்தோடு முடிந்துபோனது. அரங்கேற்றப் புகைப்படம் ஒன்று கூடத்துச் சுவரில் தொங்கும், சலங்கை பரண்மேல் போய்விடும். நவராத்திரிக்கு யாராவது வற்புறுத்தினால் ஒரு பாட்டு, அதோடு சரி. இவர் அப்படி விட்டுவிடவில்லை. தான் ஆடக்கூடாது என்றால் பிள்ளைகளை ஆடவைக்கலாமே என்று வீட்டிலேயே குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அடைத்த கதவுக்குப் பக்கத்திலேயே வேறொரு கதவைத் திறந்த இந்தச் சாமர்த்தியத்தை, பின்னாளில் வந்த விருதுகளைவிட நான் உயர்வாக மதிக்கிறேன். சொல்லிக்கொடுப்பதற்கு வேண்டிய கண் வேறு. தன் உடம்புக்குத் தானாக வரும் அரைமண்டி இன்னொரு குழந்தைக்கு ஏன் வரவில்லை என்று பார்க்கத் தெரிய வேண்டும். வீட்டு வகுப்பு அந்தக் கண்ணை அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

1972-இல் கணவருக்கு தில்லிக்கு மாற்றல். அப்போதைய தில்லித் தமிழர்களில் பெரும்பாலோர் மத்திய அரசு உத்தியோகத்துக்காக வந்தவர்கள். கரோல்பாக், ராமகிருஷ்ணபுரம் என்று குடியேறி, கோயில், சபா, பள்ளிக்கூடம், தமிழ்ச் சங்கம் என்று தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சூழலில்தான் கணேச நாட்டியாலயா 1974-இல் பிறந்தது. நண்பர்களும் அபிமானிகளும் பண உதவி செய்ய, 1988-இல் குதுப் இன்ஸ்டிட்யூஷனல் ஏரியாவில் அதற்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது.

அங்கே நாட்டியத்தோடு கர்நாடக வாய்ப்பாட்டும், தமிழும், இந்தியும் கற்பிக்கப்பட்டன. தலைநகரின் நாட்டிய வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் எல்லாரும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் அல்லவே. முருகனிடம் தோழியைத் தூது அனுப்பும் ஒரு நாயகியின் பதவர்ணத்தை, தமிழே தெரியாத பெண் ஆடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்திரையை மனப்பாடம் செய்துவிடலாம், ஜதியை அடித்து அடித்துப் பழகிவிடலாம். ஆனால் ஒரே அடியைப் பாடகர் ஐந்தாறு முறை திருப்பிப் பாடும்போது ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பாவம் காட்டியாக வேண்டும். எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சஞ்சாரியை விரிப்பது என்பது அந்தச் சொல் புரிந்தால்தான் தெரியும். மொழியைக் கற்றுக்கொடுக்காமல் அபிநயம் கற்றுக்கொடுக்க முடியாது என்பதைப் பாடத்திட்டமாகவே ஆக்கினார் சரோஜா.

பாரதியார் பாடல்கள்மேல் அவருக்குத் தனிப் பற்று. அவற்றைப் பதிப்பித்தார், சிலவற்றை நாட்டியமாகவும் அமைத்தார். மொத்தத்தில் பத்து முழுநீள நாட்டிய நாடகங்கள், ஏறத்தாழ 2,000 தனி உருப்படிகள் அவர் அமைத்தவை என்கிறார்கள். மலைக்க வைக்கும் எண்ணிக்கை. சாம்பமூர்த்தியிடம் பெற்ற இசைப் பயிற்சி இங்கேதான் கைகொடுத்தது என்று எனக்குப் படுகிறது. ராகமும் தாளக் கணக்கும் தன் வசம் இருக்கும் ஆசிரியர், ஜதி கோக்க இன்னொருவர் வருவாரா என்று காத்திருக்க வேண்டியதில்லை. பரதநாட்டியம் பற்றியும் கர்நாடக சங்கீதம் பற்றியும் நூல்கள் எழுதினார். அம்மாவின் பேனா அப்படி வந்து சேர்ந்தது. கைராகர் இந்திரா கலா சங்கீதப் பல்கலைக்கழகத்தில் டி.லிட். பட்டம், தமிழ்நாட்டின் கலைமாமணி, 2002-இல் பத்மஸ்ரீ, 2013-இல் பத்மபூஷண். ஆசியான் மாநாட்டுக்குப் பிரதமர் வாஜ்பாய் 2002-இல் சென்றபோது, தென்கிழக்கு ஆசியக் கலைப் பயணமாக இவரும் உடன் சென்றார்.

இனி வீட்டுக்குள் வருவோம். மகன் காமேஷுக்கு மனைவியாக வந்தவர் ராமா. தில்லியில் யாமினி கிருஷ்ணமூர்த்தியிடம் பயின்றவர். மாமியார் வீடே நாட்டியப் பள்ளியாக இருக்க, அங்கே மாமியாரின் மாணவியும் ஆனார். இன்று உலக மேடைகளில் ஆடும் ராமா வைத்தியநாதன் இவர்தான்.

இதை நின்று பார்க்க வேண்டும். வீணை தனம்மாள் குடும்பத்தில் கலை தாய்வழியாக இறங்கியது. மகள் ஜயம்மாள், பேத்தி பாலசரஸ்வதி, அவர் மகள் லட்சுமி நைட். இசை வேளாளர் மரபில் ஆடவும் பாடவும் செய்தவர்கள் அந்த வீட்டில் பிறந்த பெண்கள். மருமகளாக வந்தவருக்குக் குடும்பப் பொறுப்புதான், சலங்கை அவருக்கு இல்லை. மற்றச் சாதிக் குடும்பங்களிலோ, புகுந்த வீட்டு வாசற்படிதான் பல பெண்களின் ஆட்டத்துக்குக் கடைசிப் படி. சரோஜாவே அதை அனுபவித்தவர். அப்படிப்பட்டவர், தன் வீட்டுக்கு மருமகளாக வந்த பெண்ணை ஆடவைத்தார். தனக்கு மறுக்கப்பட்டதை அடுத்தவளுக்கும் மறுக்கும் மாமியார்களை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம். அதனால்தான் இதைச் சொல்லும்போது எனக்கு மனம் நிறைகிறது. தனக்கென ஒரு பாணியோடு வந்த கலைஞரைச் சேர்த்துக்கொள்வது குருவுக்கும் எளிதல்ல, சிஷ்யைக்கும் எளிதல்ல. இருவரும் அதைச் செய்தார்கள். பேத்தி தட்சிணாவும் பரதக் கலைஞராக வளர்ந்தார். தாயும் மகளும் சேர்ந்து மேடையேறும்போது அங்கே ஆடுவது மூன்று தலைமுறை.

2023 செப்டம்பர் 21 அன்று, 86 வயது நிறைந்து இரண்டே நாளில் தில்லியில் சரோஜா வைத்தியநாதன் காலமானார். நாட்டியாலயாவை ராமா நடத்துகிறார்.

ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. எழுத்தாளர் போனால் அச்சிட்ட புத்தகம் நிற்கும். நாட்டிய உருப்படி ஆடுகிறவர் உடம்பில்தான் உயிரோடு இருக்கும். அந்த 2,000 உருப்படிகளில் முக்கியமானவற்றையாவது சாகித்யம், ஸ்வரக் குறிப்பு, ஜதி, காணொளி என்று ஒழுங்காகத் தொகுத்து, எந்த ஊர் மாணவியும் எடுத்துப் படிக்கும்படி செய்ய வேண்டும். அவரிடம் நேரில் கற்ற மாணவிகள் ஆடும் வயதில் இருக்கும்போதே இந்த வேலை நடக்க வேண்டும்.