காய்பிடிக்கும் நாளில் தண்ணீர் எங்கே?

மழை பொய்த்தது, பயிர் காய்ந்தது, பழி வானத்துக்கு! இப்படிச் சொல்லிக் கைகழுவிவிடுவது ஆள்வோருக்கு எளிது. நாம் அப்படி விட்டுவிடத் தயாராக இல்லை.

மராட்டிய மாநிலத்து மராத்வாடாவைப் பாருங்கள். லாத்தூர், பீட் மாவட்டங்களில் ஏழை உழவன் நம்பியிருப்பது சோயா மொச்சையை. ஜூன், ஜூலையில் விதைப்பு. அக்டோபர் வாக்கில் அறுப்பு. நிலத்தில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி.

சோயா பேராசைக்காரப் பயிரல்ல. 450 முதல் 700 மில்லிமீட்டர் நீர் போதும். ஆனால், வேளை தவறக்கூடாது. இளம் பயிராக இருக்கையில் சற்று வாடினாலும் தேறிக்கொள்ளும். பூத்து, காய்பிடித்து, மணி பருக்கும் நாட்களில் வாடினால் தேறாது. பூ உதிரும், காய் குறையும், மணி சிறுக்கும். வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் நுண்ணுயிர்களும் ஓய்ந்துபோகும். அதன்பின் வெள்ளமாகப் பாய்ச்சினாலும் உதிர்ந்த பூ திரும்புமா? தண்ணீர் தேங்கினாலோ வேர் மூச்சுத் திணறும். அளவும் வேண்டும், வேளையும் வேண்டும்.

2023 ஆகஸ்டை மறக்க முடியுமா? 1901 முதலுள்ள கணக்கில், இந்தியாவில் அவ்வளவு குறைவாக மழை பெய்த ஆகஸ்ட் அதற்கு முன் இல்லை. சோயா பூத்துக் காய்பிடிக்கும் மாதம் அது! அத்தகைய நாளில் ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர் கட்டினால் பயிர் பிழைக்கும். கிணறும் மோட்டாரும் உள்ளவனுக்கு அது கிட்டும். இல்லாதவனுக்கு?

தண்ணீரே இல்லையா என்றால், கரும்புக்கு இருக்கிறது! 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் வரை குடிக்கும் கரும்பு அதே வறண்ட சீமையில் வளர்கிறது. சர்க்கரை ஆலைகள் ஓடுகின்றன. 2016 ஏப்ரலில் லாத்தூர் மக்களின் தாகம் தீர்க்க மிரஜிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்தச் சீமையில்தான்!

கொடுமை அதோடு முடியவில்லை. பீட் மாவட்டத்து ஏழைகள் ஆண்டுதோறும் மனைவி மக்களோடு மாட்டுவண்டியிலும் லாரியிலும் கரும்பு வெட்டக் கிளம்புகிறார்கள். தன் வயலுக்கு ஒரு தண்ணீர் கிடைக்காதவன், பல தண்ணீர் குடித்த கரும்பைக் கூலிக்கு வெட்டுகிறான்!

தோழர்களே, மழையை நாம் ஆணையிட்டு வரவழைக்க முடியாது. தேக்கிய நீரைப் பங்கிடுவது மனிதன் கையில் இருக்கிறது. பணப்பயிருக்குப் பத்துத் தண்ணீர் விடுமுன், ஏழையின் பயிருக்குக் காய்பிடிக்கும் நாளில் ஒரு தண்ணீர் விடு என்கிறோம். சிறு நிலத்துக்கும் பண்ணைக்குட்டை வெட்டிக் கொடு என்கிறோம். இது பிச்சையல்ல; பங்கு!